கெட்டி எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது

"சந்தேகமா இருந்தா ஒரு படி கெட்டியாவே போடு." தமிழ்நாட்டின் எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும், எந்த ஆலையின் மெயின்டனன்ஸ் அறையில் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். பேரிங் சூடானால் கெட்டி எண்ணெய். சத்தம் வந்தால் கெட்டி எண்ணெய். லோடு கூடினால், வெயில் ஏறினால், சீல் கசிந்தால், மெஷின் பழசானால், எல்லாவற்றுக்கும் இதே மருந்து. விஜி 68 என்று எழுதியிருக்கும் இடத்தில் 150 ஊற்றுவதை முன்ஜாக்கிரதை என்கிறார்கள். 220 ஊற்றுவதை அனுபவம் என்கிறார்கள். எழுதியிருப்பதைவிட மெல்லிய எண்ணெயை ஊற்றியவர் மட்டும் பேரிங் போனால் பதில் சொல்ல வேண்டும். கெட்டியாக ஊற்றியவரை யாரும் கேட்பதில்லை.

இந்த நம்பிக்கை தவறானது. வேகமாகச் சுற்றும் ரோலர் பேரிங்குகளில் அது பாதுகாப்பைக் கூட்டுவதற்குப் பதில் புதிய ஆபத்துகளைக் கொண்டுவருகிறது. அந்தச் செலவு மின்கட்டணத்திலும், சீக்கிரம் கருகும் எண்ணெயிலும், மாற்றிக்கொண்டே இருக்கும் பேரிங்குகளிலும் ஒளிந்துகொள்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசியில் பழி ஃபிட்டர் மேல் விழுகிறது: "சரியா மாட்டல." பல ஆலைகளில் இதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். அது முட்டாள்தனத்தில் பிறந்ததில்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்து மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட தலைமுறை நம்முடையது. விளக்கெண்ணெய் தாவர எண்ணெய்களில் மிகக் கெட்டியானது. 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை ஏறக்குறைய 250 சென்டிஸ்டோக்ஸ். ஐந்தடி உயரச் சக்கரம் ஒன்று மாட்டின் நடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 14 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்துக்கு அந்த எண்ணெய் பொருத்தமே. பிறகு ஆலைகள் வந்தன. லைன் ஷாஃப்டும் கரும்பு ஆலையின் உருளைகளும் கன்மெட்டல் புஷ்களில் சுற்றின. புஷ்ஷில் பாரம் கூடினால் எண்ணெய்ப் படலம் நசுங்கி மெலிகிறது; கெட்டி எண்ணெய் அதைத் தாங்குகிறது. ஆக, "பாரம் கூடினால் கெட்டி" என்பது புஷ்ஷுக்கு உண்மை. நம் தாத்தாக்களின் அனுபவம் அந்த இடத்தில் சரியாகவே பேசியது.

இயந்திரம் மாறிவிட்டது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு பருத்தி ஆலையின் பராமரிப்புப் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், களிமண் தரை அமிழ்ந்து அமிழ்ந்து ஷாஃப்டுகள் கோணலாவதையும் பேரிங்குகள் தேய்வதையும் பார்த்துச் சலித்து, தானே நேராகிக்கொள்ளும் பால் பேரிங்கை உருவாக்கினார். 1907இல் எஸ்கேஎஃப் நிறுவனம் பிறந்தது. அதே நிறுவனத்தில் 1919இல் ஆர்விட் பால்ம்கிரென் ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்கை வடிவமைத்தார். இன்று நம் ஊர் ஊதுவிசிறிகளிலும் கிரஷர்களிலும் பிளம்மர் பிளாக்குகளுக்குள் சுற்றுவது அதன் வாரிசுகள். புஷ் போய் ரோலர் வந்து நூறாண்டு ஆகிறது. எண்ணெய் பற்றிய நம் பேச்சு மட்டும் இன்னும் புஷ்ஷிலேயே நிற்கிறது.

ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவே நடப்பது வேறு வகையான காரியம். புஷ்ஷில் பாரம் அகன்ற பரப்பில் பரவுகிறது. ரோலரில் அது ஒரு மெல்லிய கோட்டின் மேல் வந்து குவிகிறது. அங்கே எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் போகிறது. 1916இல் மார்ட்டின் என்ற பொறியாளர் பழைய கணக்கை வைத்து கியர்ப் பற்களுக்கு இடையே எவ்வளவு தடிமனில் எண்ணெய் நிற்கும் என்று பார்த்தார். விடை உலோகத்தின் சொரசொரப்பைவிடச் சிறியதாக வந்தது. அந்தக் கணக்கின்படி எந்தக் கியரும் ஓடியிருக்கக் கூடாது. ஆனால் கியர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

புதிர் அவிழப் பல ஆண்டுகள் ஆயின. சோவியத் ஒன்றியத்தில் எர்ட்டெலும் க்ரூபினும் 1939க்கும் 1949க்கும் இடையே காட்டிய வழியிலும், லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டௌசனும் ஹிக்கின்சனும் 1959இல் போட்ட கணக்கிலும் விடை கிடைத்தது. அந்தப் பெரும் அழுத்தத்தில் எண்ணெய் ஒரு கணம் பல லட்சம் மடங்கு இறுகி ஏறக்குறைய திடப்பொருளாகிவிடுகிறது. எஃகும் அந்த இடத்தில் மீள்தன்மையோடு சற்றே தட்டையாகி எண்ணெய்க்கு இடம் கொடுக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெலிதான படலத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆக, நாம் டிரம்மிலிருந்து ஊற்றும் கெட்டித்தன்மை பாரத்தை நேராகத் தாங்கவில்லை. அதன் வேலை, தொடுமிடத்தின் வாசலில் தேவையான அளவு எண்ணெயை உள்ளே அனுப்புவது. பாரத்தைத் தாங்கும் இறுக்கத்தை உள்ளே இருக்கும் அழுத்தமே உண்டாக்குகிறது.

கெட்டி எண்ணெய் வாதத்தின் முதுகெலும்பு ஒடியும் இடம் இது. ரோலர் பேரிங்கில் படலத்தின் தடிமன் வேகத்தையும் பாகுநிலையையும் பெருக்கிய தொகையின் ஏறக்குறைய 0.7 அடுக்கில் ஏறுகிறது. பாரமோ 0.1 அடுக்கில்தான் அதைக் குறைக்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் படலம் 60 சதவீதம் தடிக்கிறது. பாரத்தை இரட்டிப்பாக்கினால் படலம் மெலிவது வெறும் 7 சதவீதம். "லோடு கூடிடுச்சு, 68 தாங்காது" என்று சொல்லி 220 ஊற்றுகிறவர், 7 சதவீதக் குறைவுக்காக மூன்று மடங்குக்கு மேல் கெட்டியான எண்ணெயைக் கொண்டுவருகிறார். பாரம் இரட்டித்ததன் உண்மையான விலை உலோகத்தின் களைப்பில் இருக்கிறது. ரோலர் பேரிங்கின் ஆயுள் பாரத்தின் மூன்றில் பத்து (10/3) அடுக்குக்கு, அதாவது மூன்றேகால் அடுக்குக்குச் சற்று மேலாக, எதிர்விகிதத்தில் குறைகிறது; பாரம் இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்றாகிவிடும். எந்த எண்ணெயும் அதைத் திருப்பித் தராது. பெரிய பேரிங் வேண்டும், அல்லது பாரம் ஏன் கூடியது என்று பெல்ட் இழுவையையும் ஷாஃப்டின் நேர்த்தன்மையையும் பார்க்க வேண்டும். எண்ணெயைக் கெட்டியாக்கி அந்த விசாரணையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே அன்றாடம் நடக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். இதை யாரும் போட்டுப் பார்க்காததால்தான் நம்பிக்கை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

டப்பாவில் உள்ள விஜி எண், எண்ணெயின் பாகுநிலையை 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் அளவில் சொல்கிறது. ஐஎஸ்ஓ 3448 என்ற தரநிலை வகுத்த அளவு அது. இரு பக்கமும் 10 சதவீதம் விலகலாம். ஓடும் பேரிங் எதுவும் 40 டிகிரியில் நின்றுகொண்டிருப்பதில்லை. 70 டிகிரியில், சாதாரணத் தாது எண்ணெயான விஜி 68 ஏறக்குறைய 20 சென்டிஸ்டோக்ஸாக இளகியிருக்கும். விஜி 220 ஏறக்குறைய 51. பேரிங் அறிந்தது ஓடும் வெப்பத்தில் உள்ள இந்த எண்ணைத்தான், டப்பாவில் உள்ளதை அல்ல.

பேரிங்குக்கு எவ்வளவு தேவை என்பதை ஐஎஸ்ஓ 281 சொல்கிறது. உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி விட்டம். வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்றும் அதற்கு மேலும் இருந்தால், சராசரி விட்டத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 4,500ஐ அதால் வகுக்க வேண்டும். வருவது தேவையான குறைந்தபட்சப் பாகுநிலை. 1,000க்குக் கீழே வேறு சூத்திரம்: 45,000ஐ, சுற்று எண்ணிக்கையின் 0.83 அடுக்காலும் சராசரி விட்டத்தின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். கையிலுள்ள போனில் ஒரு நிமிட வேலை.

22220 என்ற ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பாய்லர் விசிறிகளின் பிளம்மர் பிளாக்கில் சகஜமாகப் பார்க்கும் அளவு. உள்விட்டம் 100 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 180, சராசரி 140. விசிறி 1,480 சுற்று என்று வைத்துக்கொண்டால் தேவை ஏறக்குறைய 10 சென்டிஸ்டோக்ஸ். 70 டிகிரியில் விஜி 32 எண்ணெயே 11 கொடுத்துவிடும். விஜி 68 கொடுப்பது 20, அதாவது தேவையைப்போல் இரு மடங்கு. விஜி 220 கொடுப்பது ஐந்து மடங்கு. இருப்பதைத் தேவையால் வகுத்து வரும் விகிதத்துக்குக் கப்பா என்று பெயர். அது 1க்குக் கீழே போனால் உலோகம் உலோகத்தைத் தொடத் தொடங்கும். 1லிருந்து 4 வரை ஏற ஏற ஆயுள் கூடும். 4க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் ஆயுள் கணக்கில் அதை 4 என்றே வைக்கிறார்கள். அதற்கு மேல் கொடுக்கும் கெட்டித்தன்மைக்கு ஒரு மணி நேர ஆயுள்கூடத் திரும்பக் கிடைப்பதில்லை.

இப்போது அதே 22220, மெதுவாகச் சுற்றும் ஒரு டிரம்மில் 30 சுற்றில் ஓடுகிறது. தேவை ஏறக்குறைய 226 சென்டிஸ்டோக்ஸ். அந்த வேகத்தில் பேரிங் அதிகம் சூடாகாது; 50 டிகிரி என்று வைத்தால் விஜி 220 கொடுப்பது 127தான். போதாது. விஜி 460 வேண்டும், அது 250 அளவில் நிற்கும். எண்ணும் ஒன்று, எஃகும் ஒன்று, கடையில் கொடுத்த பெட்டியும் ஒன்று. ஓரிடத்தில் 10 போதும், இன்னோரிடத்தில் 226 வேண்டும். இந்த இரண்டுக்கும் சேர்த்து "220 போட்டா எங்கேயும் சேஃப்" என்று ஒரே எண்ணெய் டிரம்மை வாங்கி வைக்கும் ஆலையில், விசிறி பேரிங் தேவைக்கு மேல் கெட்டியில் வேகிறது. டிரம் பேரிங் தேவைக்குக் கீழே பட்டினி கிடக்கிறது. கெட்டியில் பாதுகாப்பு இருப்பதாக நம்பியவர்கள், உண்மையில் கெட்டி தேவைப்பட்ட இடத்திலும் அதைக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே கேள்வி ஒரே இயந்திரத்துக்குள் நிற்கிறது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி எந்திரத்தின் இரண்டு பல்லுருளைகளும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகின்றன. பொதுவாக வேகம் 1க்கு 10: மெதுவானது 70 சுற்று என்றால் வேகமானது 700. இரண்டுக்கும் ஒரே அளவு பேரிங் என்றால், ஒரே வெப்பத்தில் மெதுவான உருளைக்குத் தேவையான பாகுநிலை வேகமானதற்குத் தேவையானதைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு. இரண்டுக்கும் ஒரே கிரீஸ் கன்னை வைத்து அடிப்பதுதான் வழக்கம். எது முதலில் போகிறது என்பதை அங்கே வேலை செய்யும் ஃபிட்டர்கள் அறிவார்கள். ஏன் என்று யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியதில்லை. அதே மலையில் குளிர்கால விடியலில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு கியர்பாக்ஸைக் கிளப்பினால், விஜி 220 எண்ணெயின் பாகுநிலை ஏறக்குறைய 2,000 சென்டிஸ்டோக்ஸ். தெளிப்பில் உயவாகும் பேரிங்குக்கு அந்த எண்ணெய் போய்ச் சேரும்வரை அது உலர்ந்தேதான் சுற்ற வேண்டும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வெயில். "அந்த அட்டவணையெல்லாம் குளிர் நாட்டுக்குப் போட்டது. இங்கே 40 டிகிரியில் எண்ணெய் தண்ணியா போயிடும்." இதில் உண்மை இருக்கிறது, அந்த உண்மையை அளந்து பார்ப்போம். நம் வெயிலால் அந்த விசிறி பேரிங் 70க்குப் பதில் 85 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஜி 68 அப்போது 12 சென்டிஸ்டோக்ஸுக்குச் சற்று மேலே இருக்கும். தேவை 10. இன்னும் வரம்புக்குள்தான். உபரி குறைவாகத் தோன்றுகிறது என்றால் ஒரு படி ஏறி விஜி 100 ஊற்றலாம். அது 16க்கு மேல் கொடுக்கும். நானும் அதைத்தான் ஊற்றச் சொல்வேன். வெயில் நியாயப்படுத்துவது ஒரு படியைத்தான். 220க்குத் தாவ அது அனுமதி தரவில்லை. அந்த 85 டிகிரியை அளந்து பார்த்துச் சொன்னவர்களும் குறைவு. சித்திரை வெயிலைக் காட்டிச் சொன்னவர்களே அதிகம். இன்ஃப்ராரெட் கன் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

அடுத்து, "கெட்டியா போட்டதும் சத்தம் அடங்கிடுச்சே" என்பார்கள். அடங்கத்தான் செய்யும். கெட்டி எண்ணெய் அதிர்வை விழுங்குகிறது. ரேஸில் விழுந்த சிறு பள்ளம் அங்கேயே இருக்கிறது. அது கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கைதான் நின்றுபோயிற்று. காதுக்குக் கேட்கும் நிலையிலேயே பேரிங் நமக்கு அவகாசம் கொடுத்திருந்தது. அந்த அவகாசத்தைத் துடைத்துவிட்டு, பிறகு இரவு ஷிஃப்ட்டில் ஷாஃப்ட் இறுகி நிற்கும்போது "திடீர்னு போயிடுச்சு" என்று எழுதுகிறார்கள். திடீர் என்று எதுவும் நடக்கவில்லை.

கெட்டி எண்ணெய் உள்ளே செய்யும் வேலையை இனி வரிசையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. ரோலர்கள் எண்ணெயை உழுதுகொண்டு ஓடுகின்றன. உருளும் உராய்வு பாகுநிலையின் ஏறக்குறைய 0.6 அடுக்கில் ஏறுகிறது. 20க்குப் பதில் 51 என்றால் அந்தப் பகுதி முக்கால் பங்கு கூடுகிறது. எண்ணெய் மட்டம் கீழ் ரோலரின் நடுவுக்கு மேலே இருந்தால் கடைதலும் சேர்கிறது. உராய்வு வெப்பமாகிறது. வெப்பம் எண்ணெயை இளக்குகிறது: 70இல் 51 ஆக இருந்த விஜி 220, 85இல் 30க்கு இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய கெட்டியில் பெரும்பகுதி இப்படிச் சூட்டிலேயே கரைந்துபோகிறது. கரையாமல் நிற்பது அந்தச் சூடு. எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது உயவுத் துறையின் பழைய கைக்கணக்கு. கிரீஸின் ஆயுளோ, 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் பாதியாகிறது.

சூட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. வெளிவளையம் ஹவுசிங் வழியாக ஆறுகிறது. உள்வளையத்துக்கு ஆற வழி குறைவு. ஆகவே உள்வளையம் அதிகமாக விரிந்து உள்ளிடைவெளியைத் தின்கிறது. அடாப்டர் ஸ்லீவில் சற்று அதிகமாக இறுக்கி மாட்டிய பேரிங்கில் முன்பே இடைவெளி குறைந்திருக்கும். இந்த விரிவும் சேர்ந்தால் அது மூச்சுமுட்டி நிற்கும். பேரிங் நீலம் பாய்ந்து வெளியே வருகிறது. பார்க்கிறவர் சொல்வது: "எண்ணெய் பத்தல, இன்னும் கெட்டியா போடணும்."

லேசான பாரத்தில் நடப்பது இதைவிடக் கொடுமை. பாரமில்லாத பக்கத்தைச் சுற்றிவரும் ரோலரைக் கெட்டி எண்ணெய் இழுத்து நிறுத்துகிறது. அதன் சுழற்சி மந்தமாகிறது. பாரப் பகுதிக்குள் நுழைந்ததும் அது ஒரே கணத்தில் முழு வேகத்துக்கு வர வேண்டும். உருளாமல் சறுக்குகிறது. சறுக்கும் இடத்தில் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தில் இழுபட்டு ஒட்டுகிறது. ரேஸில் மங்கிய, கரடுமுரடான அந்தத் திட்டுகளைப் பார்த்ததும் எண்ணெய் மெலிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது வழக்கம். காரணம் நேர் எதிர். கெட்டி எண்ணெய் உண்டாக்கிய காயத்துக்கு இன்னும் கெட்டி எண்ணெயே மருந்தாகிறது. இந்த ஆட்டத்தில் எத்தனை பேரிங் மாறினாலும் நம்பிக்கை மட்டும் தோற்காது, ஏனென்றால் ஒவ்வொரு தோல்வியையும் அது தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. இந்த நம்பிக்கையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

கெட்டி எண்ணெய் கசியாது என்ற வாதத்தில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. கசிவு சீலின் பிரச்சினை, மட்டத்தின் பிரச்சினை, அடைத்துப்போன காற்றுத் துளையின் பிரச்சினை. அதை அங்கே சரி செய்யலாம். தூசி வாதமும் அப்படியே. படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அரிசி ஆலையிலோ கிரஷரிலோ பறக்கும் துகள் அதைப்போல் பல மடங்கு பெரிது. 68இலும் அது ரேஸைக் குத்தும், 460இலும் குத்தும். கெட்டி எண்ணெயில் துகள் அடியில் படியவும் நேரமெடுக்கும்.

கிரீஸ் விஷயத்தில் குழப்பம் இன்னும் ஆழம். நம் பட்டறைகளில் பெரும்பாலான பேரிங்குகள் கிரீஸில்தான் ஓடுகின்றன. கிரீஸை எப்படிச் சோதிக்கிறார்கள்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறார்கள், விரல்களைப் பிரித்து நூல் வருகிறதா என்று பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள். நூல் நீளமாக வந்தால் நல்ல கிரீஸ். அந்த நூல், ஒட்டுவதற்காகச் சேர்த்த பாலிமரின் வேலை. விரல் உணரும் இறுக்கம், எண்ணெயைப் பிடித்துவைக்கும் சோப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. என்எல்ஜிஐ 2 என்ற எண்ணும் அந்த இறுக்கத்தைத்தான் அளக்கிறது: 25 டிகிரியில் ஒரு கூம்பு கிரீஸுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனையில் 265லிருந்து 295 வரை, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவே போய் வேலை செய்வது சோப்பிலிருந்து கசிந்து வரும் அடிப்படை எண்ணெய். ஒரே என்எல்ஜிஐ 2 இறுக்கத்தில் அடிப்படை எண்ணெய் 100 சென்டிஸ்டோக்ஸ் உள்ள கிரீஸும் உண்டு, 460 உள்ளதும் உண்டு. விரலுக்கு இரண்டும் ஒன்று.

ஆக, "கெட்டி கிரீஸ் கொடுங்க" என்று கேட்டு என்எல்ஜிஐ 3 வாங்கிப் போகிறவர், மெதுவான பேரிங்குக்குத் தேவையான பாகுநிலையை வாங்கிவிட்டதாக நினைக்கிறார். அவர் வாங்கியது மோட்டாருக்கான மெல்லிய அடிப்படை எண்ணெய் உள்ள கிரீஸாக இருக்கலாம். வேகமான மோட்டார் பேரிங்கில் கனமான அடிப்படை எண்ணெய் உள்ள கிரீஸை அடிக்கிறவருக்கோ எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: அந்த எண்ணெய் மெதுவாகத்தான் கசிந்து வரும், ரோலர் ஒதுக்கிவிட்டுப் போன பாதையில் அது திரும்பிப் பரவுவதற்குள் அடுத்த ரோலர் வந்துவிடுகிறது. ஹவுசிங் நிறையக் கிரீஸ் இருக்க, தொடுமிடம் பசியில் கிடக்கிறது. பேரிங்கைத் திறந்து பார்த்தவர் "கிரீஸ் நிறைய இருக்கே, அப்புறம் எப்படிப் போச்சு" என்று திகைக்கிறார்.

மெல்லிய எண்ணெய் வேகத்தைத் தாங்காது என்பவர்கள் கோவைப் பக்கத்து நூல் மில்லுக்குள் போய்ப் பார்க்கட்டும். ரிங் ஃப்ரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதன் கழுத்தில் இருப்பது ரோலர் பேரிங். அதற்கு ஊற்றும் ஸ்பிண்டில் ஆயில் விஜி 10லிருந்து 22 வரை. கையில் எடுத்தால் மண்ணெண்ணெயைவிடச் சற்றுக் கனம் என்றுதான் தோன்றும். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஆண்டுக்கணக்கில் அதில் ஓடுகின்றன. ஒரு படி கெட்டியாக ஊற்றினால் மின்மீட்டர் உடனே சொல்லிவிடும் என்பதால் எந்த மில்லும் அங்கே அந்தத் துணிச்சலைக் காட்டுவதில்லை. அதே மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் விசிறிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

மறுபக்கத்திலும் ஒரு கட்சி வளர்ந்துவருகிறது: மின்சாரம் மிச்சம் என்று எல்லா இடத்திலும் மெல்லிய எண்ணெயை விற்பவர்கள். இவர்களுக்கும் என் பதில் அதே 22220தான். 30 சுற்று டிரம்மில் விஜி 68 ஊற்றினால் கப்பா 1க்கு வெகு கீழே விழும். பெரும் அழுத்தத்துக்காகச் சேர்க்கும் ஈபி சேர்மானம் கொஞ்ச நாள் முட்டுக்கொடுக்கும், தேய்மானம் நிற்காது. வேகம், அளவு, ஓடும்போது உள்ள வெப்பம், இந்த மூன்றையும் கேட்காமல் எண்ணெய் சொல்கிற எவரையும், கெட்டி சொன்னாலும் மெல்லியது சொன்னாலும், நம்பக் கூடாது.

"சின்னப் பட்டறையில் கணக்குப் போட ஆள் ஏது?" என்ற கேள்வி மீதமிருக்கிறது. இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையாகக் கேட்கிறார்கள். ஆனால் பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கி உள்விட்டம் சொல்வது எந்தப் பட்டறையிலும் பதினெட்டு வயதுப் பையன் செய்கிற காரியம். மோட்டார் பிளேட்டிலும் புல்லி விகிதத்திலும் சுற்று எண்ணிக்கை இருக்கிறது. வெளிவிட்டம் கேட்லாக்கில் இருக்கிறது. வெப்பத்தை ஒரு மதியம் அளந்துகொள்ளலாம். கணக்கு ஒரு முறைதான். வேகமும் பேரிங்கும் மாறாதவரை விடை மாறாது. அதைப் பிளம்மர் பிளாக் மேலேயே பெயின்டில் எழுதிவிடலாம்: இந்த வெப்பத்தில் இத்தனை சென்டிஸ்டோக்ஸ் வேண்டும் என்று. பிராண்டு பெயர் எழுதினால் அடுத்த ஸ்டோர் கீப்பர் மாற்றிவிடுவார். தேவை எழுதியிருந்தால் எந்த பிராண்டு வந்தாலும் சரிபார்க்கலாம்.

விற்பவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கிரீஸ் வாளியின் மேல் நிறமும் பெயரும் பெரிதாக அச்சாகின்றன. அடிப்படை எண்ணெயின் பாகுநிலையைப் பல வாளிகளில் தேடினாலும் காணோம். அந்த ஓர் எண் இல்லாத வாளியை வாங்க மாட்டோம் என்று பத்து ஆலைகளின் பர்ச்சேஸ் பிரிவுகள் சேர்ந்து சொன்னால் போதும், அடுத்த அச்சிலேயே அது வந்துவிடும்.

இரண்டு வகை வாங்கி வைத்தால் ஸ்டோரில் குழப்பம் வரும், செலவு கூடும் என்பார்கள். சிடிசி உருளைகளின் பேரிங் ஒரு செட்டின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாற்ற நிறுத்தும் நேரத்தில் வாடியபடி காத்துக்கிடக்கும் இலையின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் கூடுதலாக ஒரு வாளி கிரீஸ், இன்னொரு கிரீஸ் கன், இரண்டு நிப்பிள்களுக்கு மேல் இரண்டு நிறப் பெயின்ட். மெதுவான உருளைக்கு ஒரு நிறம், வேகமானதற்கு ஒரு நிறம், கன்னிலும் அதே நிறம். இருட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் புதிதாக வந்த பையனும் தவறாமல் அடிப்பான்.